சாம்பல் பள்ளத்துக் கிணற்றுத் தண்ணீரோடு பெங்களூருக்கு

அம்முலு, நீ போய் வந்த அதே ஆறு பத்து வண்டியில்தான் நானும் போனேன். நீ எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருவாய் என்று ஒரு நாளும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. அதனால் போகும்போது ஒரு பக்கமும் வரும்போது இன்னொரு பக்கமும் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் கல்லும் மண்மேடும்தான் தெரிந்தது.

இனி மற்றவர்களுக்கு எழுதுகிறேன். வரும் மாதத்திலிருந்து நம் சுரங்கக் குடியிருப்பின் ஐந்து லைன்களைச் சேர்ந்த பெண்கள் அவரவர் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு பெங்களூர் கல்லூரிக்குப் போகப் போகிறீர்கள். வழி தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் என்னை எழுதச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். வண்டி நேரத்திலும் டிக்கெட் விலையிலும் பிழை இருக்காது.

நம் ஊர்க் குப்பையைச் சூளையில் போட்டு எரிப்பது உங்களுக்குத் தெரியும். எரித்த பிறகு குப்பை ஒழிந்துபோய்விட்டது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்தோம். ஒழியவில்லை, சாம்பலாக இருக்கிறது. அந்தச் சாம்பலை மாட்டுவண்டியில் கொண்டுபோய், கல் எடுத்துவிட்ட பழைய பள்ளத்தில் கொட்டுகிறார்கள். பள்ளத்துக்குக் கீழே சரிவில் எங்கள் தோட்டத்துக் கிணறு. குழாயில் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் வராத நாட்களில் மூன்று லைன் பெண்களும் அங்கேதான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவோம்.

என் மகள் யசோதரா. வீட்டில் அம்முலு. எட்டாவது முடித்துவிட்டுப் பெங்களூரில் என் தங்கை வீட்டில் தங்கி, ஒரு கல்லூரி ரசாயனக் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குப் போனாள். வேலை கிடைத்தது என்று சொல்ல வந்தபோது நான் சந்தோஷப்படவில்லை.

"நம்மூட்டுல கழுவறதுக்குப் பாத்திரம் இல்லியா? பெங்களூர் போய்தான் கழுவணுமா?" என்றேன்.

"நீ கழுவறது கழுவலே இல்லம்மா," என்றாள் சிரித்துக்கொண்டே. அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு புரிந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தக் கல்லூரியில் ஒரு மேடம் இருக்கிறார். எரித்த குப்பையின் சாம்பலில் மழை பெய்தால் அதிலிருந்து எது கரைந்து மண்ணுக்குள் போகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர். கழுவும் பெண் தங்கவயல்காரி, அவள் வீட்டுப் பக்கத்திலேயே அப்படி ஒரு பள்ளமும் கிணறும் இருக்கின்றன என்று தெரிந்ததும் அவளிடமே ஒரு பொறுப்பைக் கொடுத்தார். மாதத்துக்கு ஒரு புட்டி தண்ணீர். பன்னிரண்டு மாதம் விடாமல். மார்ச்சில் தொடங்கினாள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவாள். மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை விடியற்காலை, யாரும் வாளி விடுவதற்கு முன்னால் தண்ணீர் பிடித்துக்கொண்டு அப்படியே வண்டி ஏறிவிடுவாள். புட்டியில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கீழே கொட்டுவாள். "இவ்ளோ தூரம் எறைச்சது கீழ கொட்றதுக்கா?" என்று நான் திட்டியிருக்கிறேன்.

அக்டோபரோடு எட்டுப் புட்டி ஆயிற்று. நவம்பர் முதல் வாரம் காய்ச்சலோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். ஆறாம் நாள் அவளுடைய பாயையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரால் வந்த காய்ச்சலா என்று டாக்டரைக் கேட்டேன். இல்லவே இல்லை, இது வேறு காய்ச்சல் என்றார். அதற்குமேல் இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மேடத்திடமிருந்து கடிதம் வந்தபோது மாதம் முடிய இரண்டே நாள் இருந்தது. படிப்பகத்தில் படித்துக் காட்டினார்கள். துக்கம் விசாரித்து எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி. மீதிப் புட்டிகள் உங்கள் வீட்டில் இருக்கும், இந்த மாதத் தண்ணீர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பரவாயில்லை, மார்ச்சிலிருந்து மறுபடி முதலில் தொடங்கிக்கொள்கிறோம் என்று.

மறுபடி முதலில் என்றால்? என் மகள் பிடித்த எட்டு மாதமும் கணக்கில் இல்லை என்றுதானே அர்த்தம். அம்முலுவின் அப்பாவுக்கு அண்டர்கிரவுண்டில் பகல் ஷிப்டு, விடுமுறை கிடையாது. "நான் போறேன்" என்றேன். "உனக்கு வழி தெரியுமா?" என்று கேட்டார். "அவளுக்கு மட்டும் பொறக்கறப்பவே தெரிஞ்சிதா?" என்றேன்.

எதிர்வீட்டு மரகதத்துக்கு வாய் சும்மா இருக்காது. நான் பையில் புட்டி வைக்கும்போது எட்டிப் பார்த்து, "பொண்ணு போயி மாசம் ஆவல, இவ பெங்களூர் சுத்தப் பொறப்பட்டுட்டா" என்று குழாயடியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

முதல் பயணம் வெள்ளிக்கிழமை, விடியற்காலை தண்ணீர் பிடித்துக்கொண்டு. எங்கள் லைனிலிருந்து ஊரிகம் ஸ்டேஷன் அரை மைல், நடந்தால் பத்து நிமிடம். வண்டி காலை ஆறு பத்து. பங்காருபேட்டைக்கு ஆறு ஐம்பதுக்குப் போய்ச் சேரும். அங்கே இறங்கி ஏழு இருபது பெங்களூர் வண்டி பிடிக்க வேண்டும். நடுவில் அரை மணி நேரம் இருக்கிறது என்று டீ குடிக்க வெளியே போய்விடாதீர்கள், பெங்களூர் வண்டி அடுத்த பிளாட்பாரத்துக்கு வரும், படி ஏறி இறங்க வேண்டும். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஊரிகத்திலிருந்து ஒரு ரூபாய் எழுபது நயா பைசா. கன்டோன்மென்டில் இறங்குங்கள், சிட்டி ஸ்டேஷன்வரை போக வேண்டாம். அப்போது மணி ஒன்பது முப்பத்தைந்து. அங்கிருந்து கல்லூரி ஒரு மைலுக்குக் கொஞ்சம் மேலே. பஸ்ஸுக்குப் பதினைந்து நயா பைசா. கண்டக்டர் "எல்லிகே?" என்று கன்னடத்தில் கேட்பார், எங்கே என்று அர்த்தம். நீங்கள் தமிழிலேயே சொல்லுங்கள், அவர் தமிழிலேயே மீதி சில்லறை கொடுப்பார்.

கல்லூரியில் வாசலிலேயே நின்றேன். செருப்பைக் கழற்றி வெளியே விட்டேன். கழற்ற வேண்டியதில்லை, கீழே கண்ணாடித் தூள் கிடக்கும், போட்டுக்கொண்டே போங்கள். மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் வேகமாக வந்தார், அவர்தான் மேடம். கன்னடக்காரர். கன்னடத்தில் பேசுவார் என்று நான் வாய்க்குள் நாலு வார்த்தை தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்து, "இன்னாம்மா, வண்டி லேட்டா? குந்துங்க குந்துங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னா என்று கேட்டதும் குந்துங்க என்று சொன்னதும் என் அம்முலு பேசுகிற மாதிரியே இருந்தது. அந்த இழுப்பு, அந்த வேகம்.

நான் பார்த்த பார்வையை அவர் புரிந்துகொண்டார். "உங்க பொண்ணு கத்துக் குடுத்த தமிழ்தான். தப்பா இருந்தா அவளத்தான் திட்டணும்" என்றார்.

பிறகு புட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இவ்ளோ பளிச்சின்னு கீதே. எதால தேச்சீங்க?"

"சாம்பலாலதான் மேடம்," என்றேன். பெருமையாகவே சொன்னேன். "எங்க அடுப்புச் சாம்பல். நல்லா சலிச்சி, தேங்கா நார் வெச்சி. ஒரு மாசமா பரண்ல தூசி புடிச்சிக் கெடந்துதா, நாலு புட்டியையும் தேச்சி வெச்சிட்டேன்."

மேடம் புட்டியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"அதுக்கப்புறம் நல்லா அலசினேன் மேடம். நாலு தரம்."

"எந்தத் தண்ணில?"

"குழாத் தண்ணிலதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "அம்மா, நாம அந்தத் தண்ணில தேடறதே சாம்பலத்தான். இப்ப இதுல சாம்பல் சத்து இருக்குன்னு வெச்சிக்கோங்க. அது பள்ளத்துலேர்ந்து வந்துதா, உங்க அடுப்புலேர்ந்து வந்துதா, யாருக்குத் தெரியும்?" என்றார்.

நம் வீட்டில் சாம்பல் போட்டுத் தேய்க்காத பாத்திரம் உண்டா? சோற்றுப் பானையிலிருந்து கைக்குழந்தையின் பால்சங்குவரை சாம்பல்தான். சுத்தம் என்றாலே எனக்குச் சாம்பல்தான். அதுதான் கெடுத்துவிட்டது. இன்னொன்றும் அங்கே தெரிந்தது. அந்த நாலு புட்டியையும் அம்முலுதான் அக்டோபரில் கூடத்தில் கழுவி, வாய்க்குக் காகிதம் கட்டி, வைக்கோல் வைத்துப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். மேலே இருந்த தூசி வெளித்தூசி. உள்ளே அவள் கழுவினபடியே இருந்தது. அவள் கடைசியாகக் கழுவினதை நான் காகிதத்தைப் பிரித்துச் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேடம் அழ விட்டார். பிறகு காப்பி வரவழைத்தார். குடித்து முடித்ததும், "நாளைக்குத்தான் மாசக் கடைசி. மழை மாசத்துத் தண்ணிதான் எனக்கு ரொம்ப முக்கியம். நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். முடியுமா உங்களால?" என்று கேட்டார்.

"முடியும்" என்றேன். யோசிக்கவே இல்லை.

அப்போதுதான் அவர் என்னை உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். நீங்களும் கேட்டால் காட்டுவார், கேளுங்கள். ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் குழாய், அதற்குள் நம் ஊர் சாம்பல். மேலேயிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது, கீழே ஒரு கிண்ணத்தில் இறங்குகிறது. காப்பி பில்டர் போல. பள்ளத்தில் மழை செய்வதை இங்கே குழாயில் செய்து பார்க்கிறார்கள். கீழே இறங்கின தண்ணீர் கண்ணுக்குச் சாதாரணத் தண்ணீர் போலத்தான் இருந்தது.

"தொட்டா வழவழன்னு இருக்கும்" என்றேன்.

மேடம் திரும்பிப் பார்த்தார். "எப்படித் தெரியும்?"

"சோப்பு வாங்க வழியில்லாத காலத்துல சாம்பலைக் கரைச்சி வடிகட்டிதான மேடம் துணி தொவைப்போம். கையெல்லாம் வழவழன்னு ஆயி தோல் உரியும். ஆனா எங்க கெணத்துல அப்டி வழவழப்பு இல்ல. வேற மாதிரி. தொவரம்பருப்பு வேவறது இல்ல. சோப்பு நுரைக்கறது இல்ல. மழை பேஞ்சி ஒரு வாரம் பத்து நாள் கழிச்சி இன்னும் மோசம்."

"பத்து நாள் கழிச்சா? மழை அன்னிக்கே இல்லியா?"

"இல்ல மேடம். அன்னிக்கு நல்லாத்தான் வேவும்."

நோட்டுப் புத்தகத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். என்னவெல்லாம் எழுதினாரோ, ஒரு பக்கம் முழுக்க எழுதினார். "பள்ளத்துலேர்ந்து கெணத்துக்குத் தண்ணி வர்றதுக்கு எத்தினி நாள் ஆவுதுன்னு நானு இத்தினி மாசமா மண்டையப் பிச்சிகினு இருந்தேன். அம்முலு இதச் சொல்லவே இல்லியே" என்றார்.

"அவ என்னைக்கு மேடம் சமைச்சா?" என்றேன். அழுத கண்ணோடு நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

பிறகு அம்முலு கழுவும் தொட்டிக்குக் கூட்டிப் போனார். தொட்டி உயரம். என் மகள் குள்ளம். அவள் ஏறி நிற்க ஒரு பலகை போட்டு வைத்திருந்தார்கள், அதை யாரும் எடுக்கவில்லை. நானும் அவள் உயரம்தான். பலகையில் ஏறி நின்றேன், சரியாக இருந்தது. அமிலம் போட்டுக் கழுவும் வேலையை மேடமே செய்தார், அதை நம்மைத் தொட விடமாட்டார். அலசுகிற வேலை எனக்கு. அலசிய பிறகு புட்டியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். தண்ணீர் உள்ளே முத்து முத்தாக நின்றால் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒரே வழிசலாக வழுக்கி இறங்கினால்தான் சுத்தம். முதல் தடவை முத்து நின்றது. மறுபடி. மூன்றாவது தடவை வழுக்கி இறங்கியது.

"அம்முலுக்கு மொதல்ல ஆறு தரம் ஆச்சி" என்றார் மேடம்.

காகிதம் கட்டிய புட்டியும், மூடியை ஒட்ட மெழுகும், வழியில் காட்ட ஒரு கடிதமும் கொடுத்தார். இரண்டு நாற்பது வண்டி பிடித்து ஆறே காலுக்கு ஊரிகம் வந்துவிட்டேன். நடந்ததையெல்லாம் அம்முலுவின் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய், கிணற்றுக் கயிற்றையும் புது வாளியையும் எடுத்து வாசலில் வைத்துவிட்டு வந்து படுத்தார்.

சனிக்கிழமை காலை ஐந்தே காலுக்குக் கிணற்றடியில் இருந்தேன். யாரோ லாந்தரோடு பின்னால் வந்தார்கள். மரகதம்.

"இன்னாத்துக்குடி வந்த?"

"வெளக்கு புடிக்கத்தான். வாளியத் தேச்சியா? இந்தா, சாம்பல் கொணாந்துருக்கேன்" என்று முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"அடியே! அதக் கொண்டு தூரப் போடு! கையக் கழுவிட்டு வாடி!" என்று கத்தினேன். சாம்பலைப் பார்த்துப் பாம்பைப் பார்த்தவள் மாதிரி நான் கத்தினதைக் கண்டு அவள் லாந்தரைக் கீழே விடப் பார்த்தாள்.

"பொண்ணு போனதுல இவளுக்குப் புத்தி கலங்கிப்போச்சி" என்றாள். ஆனால் போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். முதல் வாளித் தண்ணீர் வாளிக்கே, ஊற்றிவிட்டேன். இரண்டாவது வாளியில் புட்டியை நிறைத்துக் குலுக்கிக் கொட்டினேன். ஒன்று. மறுபடி கொட்டினேன். இரண்டு. "ஐயோ, எறைச்ச தண்ணிய ஏன்டி கொட்ற?" என்றாள் மரகதம். நான் என் மகளிடம் கேட்ட அதே கேள்வி. "புட்டில வேற தண்ணியோட ஈரம் இருக்கக் கூடாது. அந்தக் கெணத்துத் தண்ணியாலயே மூணு தரம் அலசணும். நாலாவதுதான் புட்டிக்கு" என்றேன். என் வாயில் அம்முலு சொல்கிற மாதிரியே வந்தது. மரகதம் லாந்தரை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள்.

புட்டியை மூடி மெழுகு வைத்துவிட்டு, ஓடிப்போய் ஆறு பத்து வண்டியைப் பிடித்தேன். பங்காருபேட்டையில் பிளாட்பாரம் மாறப் போகும்போது ஒரு போலீஸ்காரர் தடியை நீட்டினார்.

"இன்னாம்மா பையில? புட்டி தலை தெரியுது."

"தண்ணி சார்."

"எல்லாரும் தண்ணின்னுதான் சொல்றாங்க. மெழுகு வெச்சி மூடின தண்ணியா? தொற."

"தொறக்கக் கூடாது சார்," என்று மேடத்தின் கடிதத்தைக் கொடுத்தேன். இங்கிலீஷில் எழுதியிருந்தது. அவர் மேலேயும் கீழேயும் பார்த்தார். அந்தப் பக்கம் ஏழு இருபது வண்டி வந்து நின்றுவிட்டது.

"இன்னா எழுதியிருக்கு இதுல?"

"எனக்கும் படிக்கத் தெரியாது சார். குப்பைச் சாம்பல் கொட்ற பள்ளத்துக்குக் கீழ இருக்கற கெணத்துத் தண்ணி இது. காலேஜுக்கு எடுத்துனு போறேன். இப்ப தொறந்தா எம்பொண்ணு எட்டு மாசம் பாத்த வேலை போச்சி. அவ இல்ல சார் இப்ப. இன்னைக்குத்தான் கடைசி நாள்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். புட்டியைத் திறக்காமல் கையில் வாங்கிக் குலுக்கினார். சாராயமாக இருந்தால் நுரை முத்து முத்தாகக் கொஞ்ச நேரம் நிற்குமாம். இதில் குமிழி வந்ததும் உடைந்துபோயிற்று. "தண்ணிதான். சாம்பல் தண்ணிய எடுத்துனு பெங்களூர் போற மொத ஆள் நீதாம்மா" என்றார். பிறகு எனக்கு முன்னால் அவரே ஓடி, ரயில் கார்டைப் பார்த்துக் கையைக் காட்டினார். கார்டு பச்சைக் கொடியை இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கடைசிப் பெட்டியில் ஏறினேன்.

பத்து மணிக்கு மேடத்தின் கையில் புட்டி. அவர் ஒரு நீளமான நோட்டைத் திறந்தார். கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. ஒரு கட்டத்தில் மாதம், ஒன்றில் நேரம், ஒன்றில் தண்ணீர் எடுத்தவர் பெயர். மேலிருந்து கீழே எட்டு வரியிலும் எம். யசோதரா, எம். யசோதரா என்று அவள் கையெழுத்து. நீட்டி எழுதிக் கீழே ஒரு கோடு போடுவாள். ஒன்பதாவது வரியை மேடம் விரலால் காட்டி, பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"நீங்களே எழுதுங்க" என்றேன்.

"எடுத்தவங்கதான் எழுதணும்" என்றார்.

எழுதினேன். கனகம்மா. ஐந்து எழுத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் தெரியுமா? கட்டத்துக்குள் அடங்கவில்லை, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று. ஆனால் அவளுடைய எட்டு வரிக்கும் கீழே, விட்டுப்போகாமல், அடுத்த வரியில் இருந்தது. வீட்டுக்கு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் நான் போனேன். பன்னிரண்டு வரியும் நிறைந்தது. மழைக்குப் பிறகு பள்ளத்திலிருந்து உப்பு இறங்கி எங்கள் கிணற்றுக்கு வந்துசேர்வது அதில் தெரிந்துவிட்டது. துணி துவைக்கலாம், குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம் என்று மேடம் சொல்லி அனுப்பினார். குப்பை பார்க்கும் ஆபீசுக்கும் எழுதினார். பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். இந்த மழைக்கு முன்னால் பள்ளத்தைக் களிமண்ணால் மூடிவிட்டார்கள். புதுப் பள்ளம் குன்றுக்கு அந்தப் பக்கம், கீழே கிணறு எதுவும் இல்லாத இடத்தில், அடியில் களிமண் மிதித்து வெட்டியிருக்கிறார்கள். மரகதம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உம் பொண்ணு வெட்டினதுடி அது" என்றாள். குழாயடியில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

மேடத்தின் ஆராய்ச்சி அச்சில் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர் இருக்கிறது என்று காட்டினார். ஒன்றுக்கு முன்னால் காலஞ்சென்ற என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறதாம். அம்முலுவின் அப்பா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். ஈரத்தில் போய்விடும் என்று நான் கத்தியும் கேட்கவில்லை. சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜுக் கூண்டில் கூட வருகிற அத்தனை பேருக்கும் காட்டியிருக்கிறார். இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, எல்லோரும் விரலை வைத்துப் பார்த்தார்களாம்.

மற்ற லைன்களின் கிணறுகளையும் பார்க்க வேண்டும் என்று மேடம் கேட்டிருக்கிறார். இனி போகிறவர்களுக்கு. புட்டியை வீட்டில் பிரிக்காதீர்கள், கிணற்றடியில்தான் காகிதத்தை அவிழ்க்க வேண்டும். எவ்வளவு அழுக்காகத் தெரிந்தாலும் சாம்பல் வேண்டாம், சோப்பு வேண்டாம், புளி வேண்டாம். உங்கள் மாமியார் வந்து தேய்த்துக் கொடுக்கிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசி, நாலாவதைப் பிடியுங்கள். ஈரத்துணியைச் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள், வெயிலில் வைக்கக் கூடாது. மேடத்தின் கடிதத்தை இப்போது தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், கல்லூரிப் பக்கம் நமக்குத் தோதான ஓட்டல் இல்லை. பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, மழைக்கு எத்தனை நாள் கழித்து மாறுகிறது, இதையெல்லாம் கவனித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். இது என்ன பெரிய விஷயம் என்று வாயை மூடிக்கொண்டு வராதீர்கள். அவர் எழுதிக்கொள்வார். உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். கட்டத்தைத் தாண்டினாலும் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஐந்து லைனுக்கும் வேண்டிய புட்டிகளை நேற்று கல்லூரியில் நானே கழுவினேன். பலகையில் ஏறி நின்று, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றிலும் முத்து நிற்கவில்லை அம்முலு, வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. இது கழுவல்தானே?